நாலு காலுக்கும் ஒரு ஸீட்!

வீட்ல நாய் வளர்க்கறீங்களா? அப்போ லீவு விட்டதும் இந்தக் கேள்வி உங்க வீட்லயும் வெடிக்குமே... ‘‘எல்லாரும் ஊருக்குப் போயிட்டா, இவனை யாரு பார்த்துக்கறது?’’

எங்க வீட்டு ‘இவன்’ பேரு பக்கோடா. சேலையூர் ரோட்டோரத்துல குட்டியா கிடைச்ச அக்மார்க் நாட்டு நாய். இப்போ எடை 20 கிலோ. பாட்டி வீடு திருநெல்வேலி பக்கம். தாம்பரத்துல ராத்திரி ரயில் ஏறினா காலையில அல்வா! ஆனா, பக்கோடாவோட அவ்வளவு ஈஸியா ஏற முடியாது. ஃபர்ஸ்ட் கிளாஸ் ஏ.சி-யில ரெண்டு பேர் கூப்பேயோ, நாலு பேர் கேபினோ முழுசா நம்ம கைக்கு வந்தா மட்டும்தான் நாயும் கூட வரலாம். இல்லேன்னா, கார்டு பெட்டியில இருக்கற கூண்டுல ராத்திரி முழுக்கத் தனியா வரணும். பட்டாசுச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில பதுங்கற பார்ட்டி அவன். எப்படி மனசு வரும்?

அதனால, போன வருஷம் ஏப்ரல்ல எங்க குட்டிக் கார்லயே கிளம்பினோம். செங்கல்பட்டு தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். உச்சி வெயில். ‘பத்து நிமிஷம்தானே’னு ஜன்னலை ரெண்டு இன்ச் இறக்கிவிட்டுட்டு, பக்கோடாவை உள்ளேயே விட்டுட்டுப் போனது நான்தான். திரும்பி வந்தா, நாக்கு முழுசா வெளியே தொங்க, எச்சில் நூல் நூலா ஒழுக, நிக்க முடியாம கால் தடுமாறிட்டு இருந்தான். நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், வயித்துலயும் பாதத்துலயும் தண்ணி ஊத்தி, பேப்பரால விசிறி, டாக்டர்கிட்ட ஓடி... ட்ரிப்ஸ் ஏறின அப்புறம்தான் வாலை ஆட்டினான். அன்னிக்கு நாங்க ஊருக்குப் போகலை. வீட்டுக்குத் திரும்பிட்டோம்.

ஏன் இப்படி ஆச்சுனு அப்புறம்தான் படிச்சேன். நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கும். நாய்க்கு வேர்க்கறது முக்கியமா பாதத்துல மட்டும்தான். மத்த சூட்டையெல்லாம் மூச்சு வாங்கியே வெளியே தள்ளணும். நம்ம சென்னைக் காத்துல ஈரம் ஜாஸ்தி. அதனால அந்த டெக்னிக்கும் சரியா வேலை செய்யாது. 2005-ல ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் வெயில்ல நின்ன காரை அளந்து பார்த்தாங்க. ஒரு மணி நேரத்துல உள்ளே சராசரியா 22 டிகிரி செல்சியஸ் ஏறுது. அதுல பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே! ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சாலும் பெருசா பிரயோஜனம் இல்லை. என் ‘ரெண்டு இன்ச்’ தத்துவம் அங்கேயே அவுட்!

சரி, வண்டியை மாத்துவோம்னு முடிவாச்சு. யூ டியூப்ல வர்ற மாதிரி கிச்சன், பாத்ரூம் வெச்ச கேரவனா? நம்ம பட்ஜெட்டுக்கு அது கனவு. போதாக்குறைக்கு, எங்க தெருவுல குப்பை வண்டி நுழைஞ்சாலே டிராஃபிக் ஜாம். அப்போதான் பெருங்களத்தூர் மாமா, தன்னோட மாருதி ஈகோவைத் தர்றேன்னு சொன்னார். பேருதான் ஈகோ... ஆனா, ஈகோ பார்க்காம எந்தச் சந்துக்குள்ளயும் போகும். இன்னொரு பக்கம், மெக்கானிக் ஷெட்ல ஒரு பழைய ஆம்னி விலைக்கு நின்னுச்சு. 1984-ல வந்து, 2019-ல தயாரிப்பை நிறுத்தின அதே டப்பா வேன்தான். எதை எடுக்கறது? தேர்ட் இயர் மெக் படிக்கற ஒருத்தன் வீட்ல இருக்கும்போது சும்மா விடுவேனா? டேப்பும் கையுமா கிளம்பிட்டேன்.

முதல்ல நாயை அள!

வண்டியை அளக்கறதுக்கு முன்னாடி உங்க ஆளை அளங்க. மூக்குலேர்ந்து வால் ஆரம்பிக்கற இடம் வரைக்கும் நீளம், நிக்கும்போது தலை உயரம். அவன் நிக்கணும், திரும்பணும், காலை நீட்டிப் படுக்கணும். நாட்டு நாய்க்குப் போதற இடம் ராஜபாளையத்துக்குப் போதாது. ஈகோவுல பின் ஸீட்டை மடக்கிப் பார்த்தோம். அப்பா படுத்தா பக்கோடாவுக்கு இடம் இருக்கு. அம்மாவும் படுத்தா இல்லை. ஸோ, ராத்திரி தூக்கம் வண்டியில கிடையாதுனு அங்கேயே முடிவாச்சு.

தரையைத் தொட்டுப் பார்!

ஆம்னி, ஈகோ ரெண்டுலயும் இன்ஜின் முன் ஸீட்டுக்கு அடியில. நமக்கு ஸீட்... நாய்க்குத் தரை. அரை மணி நேரம் ஓட்டிட்டு, அது படுக்கப் போற இடத்துல உள்ளங்கையை வெச்சுப் பாருங்க. சுடுதா? அங்கே படுக்க வைக்காதீங்க. ஏ.சி-யைப் போட்டுட்டுப் பின்னாடி போய்த் தரையில உக்காருங்க. காத்து வருதா? நாங்க பார்த்த ஆம்னியில ஏ.சி-யே இல்லை. ரிஜக்டட்! மாமா வண்டியில ஏ.சி. இருந்தும் பின்னாடி காத்து வரலை. ஒரு குட்டி ஃபேனை மாட்டினதும் வந்துச்சு. ஈகோ செலக்டட்!

பெல்ட் யாருக்கு?

இங்கேதான் என் ஃபிஸிக்ஸ்! 50 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதி நின்னா, கட்டாம விட்ட நாய் அதே வேகத்துல முன்னாடி பறக்கும். அது கிட்டத்தட்ட 10 மீட்டர் உயரத்துலேர்ந்து விழற வேகம். அதாவது, மூணாவது மாடி! அவனுக்கும் ஆபத்து, முன்னாடி இருக்கற அம்மாவுக்கும் ஆபத்து. கழுத்துப் பட்டையில கட்டாதீங்க. நெஞ்சைச் சுத்திப் போடற ஹார்னஸ் வாங்கி, ஸீட் பெல்ட்டோட மாட்டுங்க.

கழட்டாதே, மடக்கு!

‘ஸீட்டைப் பிடுங்கிட்டுக் கட்டில் அடிச்சா கேம்பர் ரெடி’னு நானும் ப்ளான் போட்டேன். ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாம அப்படியெல்லாம் செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுனு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. அதனால, மடக்கின ஸீட் மேல எடுத்து எடுத்து வைக்கற மாதிரி ஒரு ப்ளைவுட் பலகை, பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில பேரம் பேசி வாங்கின ஃபோம் மெத்தை, வழுக்காம இருக்கத் தென்னை நார் பாய். அவ்வளவுதான் நம்ம கேரவன்!

ஒரு சீரியஸ் மேட்டர். மூடின வண்டியில இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுட்டு, ஏ.சி. போட்டுத் தூங்காதீங்க. 2024 டிசம்பர்ல கேரளாவோட வடகரையில, ரோட்டோரம் நின்ன கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர்லேர்ந்து வந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். அதுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

இந்தப் பொங்கலுக்கு மறுபடி கிளம்பினோம். விடியறதுக்கு முன்னாடியே பரனூர் டோல்கேட்டைத் தாண்டியாச்சு. பக்கோடாவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பாடு கட், இல்லேன்னா வாந்தி. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணி, ஒரு சின்ன நடை. ரேபிஸ் ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட் என் பையில. முக்கியமா, டீக்கடையில ஒருத்தர் குடிச்சா ஒருத்தர் அவனோட நிழல்ல நிக்கணும். அந்த டியூட்டி பெரும்பாலும் எனக்குத்தான். நானேதான் கேட்டு வாங்கிக்கிட்டேன்.

சாயங்காலம் பாட்டி வீட்டு வாசல்ல ஸ்லைடிங் டோரைத் திறந்ததும், எங்களுக்கு முன்னாடி இறங்கினது அவன்தான்!

வண்டி எடுக்கும்போது வீட்ல எல்லார்கிட்டயும் அபிப்பிராயம் கேப்பீங்கள்ல? ‘எனக்குச் சுடுது’னு சொல்லத் தெரியாத ஒருத்தனையும் டெஸ்ட் டிரைவுக்குக் கூட்டிட்டுப் போங்க பாஸ்!