கைப்பற்றிய பொருளுக்குப் பொறுப்பாளி யார்?

பனச்சமூட்டுச் சந்தையில் நிற்பவர்களுள் கேரளத்தவர் யார், தமிழ்நாட்டவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் முடிய இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கொள்வினையும் கொடுப்பினையும் இன்றும் எல்லையைக் கடந்து நடைபெறுகின்றன. அதிகாரம் மட்டும் எல்லையோடு நின்றுவிடுகிறது.

எல்லையில் சரக்கு வண்டியை நிறுத்திச் சோதிப்பதும், ஐயத்திற்கு இடமிருப்பின் சரக்கைக் கைப்பற்றுவதும் சர்க்கார் ஊழியரின் கடமைகளுள் அடங்கும். ஒரு வியாபாரியின் அரிசி மூட்டைகள் அவ்வாறு கைப்பற்றப்பட்டதாக வைத்துக்கொள்வோம். அவர் குற்றமற்றவர் என்று விசாரணையில் முடிவாகிறது. மூட்டைகளைப் பெறச் சென்றால் அவை மழையில் நனைந்து புழுத்துக் கிடக்கின்றன. இந்த நஷ்டத்தை ஈடு செய்யவேண்டியவர் யார்? காவலில் வைத்த ஊழியரா, அவரை நியமித்த சர்க்காரா?

வேலைக்காரன் வேலையின் பொருட்டுச் செய்த தவறுக்கு எஜமானனும் பொறுப்பாவான் என்பது பொதுவான சட்டநெறி. எஜமானன் பொறுப்பேற்பதால் வேலைக்காரனின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை; நஷ்டப்பட்டவர் இருவர் மீதும் வழக்குத் தொடரலாம். ஆனால் எஜமானன் சர்க்காராக இருக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது.

கல்கத்தாவில் கிடர்பூர்க் கப்பல் துறையில் சர்க்கார் தொழிலாளர்கள் கனத்த இரும்புப் பகுதி ஒன்றைச் சுமந்து சென்றனர். அதனை அவர்கள் கீழே போட்டதில், ஒரு கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரைக்குக் காயம் ஏற்பட்டது. 1861-ஆம் ஆண்டில் தலைமை நீதிபதி பீக்காக், சர்க்கார் பொறுப்பேற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தார். தனிமனிதரும் நடத்தக்கூடிய தொழிலில் நேர்ந்த தவறு அது என்பது காரணம். ஆட்சி அதிகாரத்தால் மட்டுமே செய்யக்கூடிய செயலாயின் நிலைமை வேறு என்றும் அவர் கூறினார். அரசியல் சட்டத்தின் 300-ஆவது பிரிவு சர்க்காரின் பொறுப்பைப் பழைய நிலையிலேயே விட்டுவைத்ததால், இந்தப் பாகுபாடு சுதந்திரத்திற்குப் பின்னும் தொடர்ந்தது.

இதன் விளைவை இரண்டு வழக்குகளில் காணலாம். உதயபூரில் 1952-ஆம் ஆண்டு, கலெக்டரின் ஜீப்பைப் பழுதுபார்க்கும் இடத்திலிருந்து ஓட்டிவந்த டிரைவர் வழிப்போக்கர் ஒருவர் மீது மோதினார், அவர் இறந்தார். ராஜஸ்தான் சர்க்கார் நஷ்ட ஈடு தரவேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1962-இல் உறுதி செய்தது.

மீரட் நகரில் 1947-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஒரு நகை வியாபாரியிடமிருந்து 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் போலீசார் கைப்பற்றினர். வெள்ளி திரும்பி வந்தது. தங்கத்தையோ, காவலிலிருந்த தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். போலீசார் கவனக்குறைவாக நடந்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆயினும், கைப்பற்றிக் காவலில் வைப்பது ஆட்சி அதிகாரத்தைச் சேர்ந்தது என்று கூறி, சர்க்காருக்குப் பொறுப்பில்லை என 1964-இல் தீர்த்தது. வியாபாரிக்கு எஞ்சியவர் ஓடிப்போன ஊழியர் ஒருவரே. சட்டம் ஒரு பொறுப்பாளியைக் காட்டியது. அவரைப் பிடிக்க வழியில்லை.

இக்குறையைப் போக்கச் சட்டம் இயற்றவேண்டும் என்று சட்டக் கமிஷன் தன் முதல் அறிக்கையிலேயே, 1956-ஆம் ஆண்டில், சொல்லியிருந்தது. பின்னர் மசோதாவும் வந்தது, சட்டமாகவில்லை. சட்டமன்றங்கள் செய்யாததை நீதிமன்றம் படிப்படியாகச் செய்தது. ஜூனாகட்டில் கைப்பற்றிய வாகனங்களை, உடையவரின் அப்பீல் முடியுமுன்பே உரியவரற்ற பொருளாக விற்றுவிட்ட வழக்கில், பொருளைப் பேணித் திருப்பித் தரும் கடமை சர்க்காருக்கு உண்டு என்று 1967-இல் கூறியது. ஆந்திரப் பிரதேசத்தில் 1975-ஆம் ஆண்டு கைப்பற்றிய உரமும் தானியமும் கெட்டுப்போன வழக்கில், சர்க்கார் நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 1994-இல் தீர்ப்பளித்தது. நம் பனச்சமூட்டு வியாபாரிக்கு மிக அருகிலுள்ள வழக்கு இதுவே.

ஊழியரின் நிலை என்ன? நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குப் பல சட்டங்கள் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கின்றன. வேண்டுமென்றே அலைக்கழித்தவருக்கு அப்பாதுகாப்பு இல்லை. அத்தகையவரிடமிருந்து நஷ்ட ஈட்டுத் தொகையை வசூலிக்கலாம் என்று 1993-இல் லக்னோ வளர்ச்சிக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கவனக்குறைவால் சர்க்காருக்கு நஷ்டம் விளைவித்த மத்திய சர்க்கார் ஊழியரின் சம்பளத்திலிருந்து, அவருடைய விளக்கத்தைக் கேட்டபின், அதனைப் பிடித்துக்கொள்ள 1965-ஆம் ஆண்டு விதிகளும் இடமளிக்கின்றன.

இனி, நஷ்டப்பட்டவர் செய்யவேண்டியவை. முதலில், பொருளின் அளவும் தன்மையும் எழுதிய மகஜரின் நகலைக் கேட்டுப் பெறவேண்டும். அடுத்து, கைப்பற்றிய ஊழியர் எந்தச் சர்க்காரைச் சேர்ந்தவர் என்று அறியவேண்டும். எல்லை ஊரில் தவறு நேர்வது இங்கேதான். தமிழ்நாட்டு ஊழியராயின் நாகர்கோவிலிலுள்ள கலெக்டர் அலுவலகத்திலும், கேரள ஊழியராயின் திருவனந்தபுரத்திலுள்ள கலெக்டர் அலுவலகத்திலும் நோட்டீசைச் சேர்ப்பிக்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆவது பிரிவின்படி, நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் சென்ற பிறகே பொதுவாக வழக்குத் தொடரலாம். மிக அவசரமாயின் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று முன்னரே தொடர இடமுண்டு.

காலவரையறையையும் மறத்தலாகாது. பொருளுக்கு விளைந்த சேதத்திற்குப் பொதுவாக மூன்று ஆண்டு உண்டு. ஆனால் ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்கு நஷ்ட ஈடு கோரினால், 1963-ஆம் ஆண்டுச் சட்டம் தருவது ஓராண்டு மட்டுமே. ஆகையால் ஓராண்டையே தம் எல்லையாகக் கொள்வது வியாபாரிக்கு நலம்.

மூட்டையைக் கைப்பற்றும் ஊழியரும் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். விசாரணை முடியும்வரை அது பிறர் பொருள். அதன்மேல் ஒரு தார்ப்பாயைப் போர்த்திவைப்பதும் அவருடைய கடமையே.