அடிக்கு முந்திய பாடம் (தற்காப்புத் தொடர் – 7)

கடலுக்கும் வாவிக்கும் நடுவே, கல்முனை வீதியோரம் இருக்கிற செட்டிபாளையத்தில், ரியூசன் முடிந்து மம்மல் பொழுதில் சைக்கிளில் வீடு திரும்பும் பெண்பிள்ளைக்கு எதைக் கற்பித்தால் உதவும்? மட்டக்களப்புப் பக்கத்துக்குச் சிலம்படியும் சீனடியும் அண்ணாவிமார் வழி வந்தவை. கராத்தே பின்னால் வந்தது. எதைக் கற்பித்தாலும் பெருமை ஒன்றுதான்: இந்த அடி பட்டால் ஆள் எழும்பமாட்டான். அப்படிப்பட்ட அடியை யார்மீதும் முழு வேகத்தில் பழகிப் பார்க்க முடியாதே! பழகாத அடி அவசரத்தில் கைக்கு வராது. 1882இல் யப்பானில் கொடோகான் என்ற ஜூடோப் பள்ளியைத் தொடங்கிய ஜிகோரோ கானோ இந்தச் சிக்கலுக்கு வழி கண்டார். பழைய ஜுஜுட்சுவின் ஆபத்தான அடிகளை ஒழுங்கு மாறாத ‘கத்தா’வுக்குள் ஒதுக்கினார், எதிராளி மெய்யாகவே திமிற, முழுப் பலத்தோடு பழகும் ‘ரண்டோரி’யை முன்னுக்குக் கொண்டுவந்தார். கொடியது குறைந்தது, கைவந்தது கூடியது.

ஆனாலும் ரண்டோரி இருவரும் வணங்கிய பிறகுதான் தொடங்கும். ஒழுங்கையில் மறிப்பவன் வணங்குவதில்லை. பல வேளை அவன் அந்நியனுமல்ல. கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாம் ஆண்டு மாணவியரிடம் சார்லின் சென் குழுவினர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் பயன்படுகிறது. ஒரு குழுவுக்கு மட்டும் மொத்தம் 12 மணி நேர வகுப்பு; அடிதடி அதில் ஒரு பங்கு மட்டுமே. தெரிந்தவனின் நடத்தையில் ஆபத்தை இனங்காண்பதும், அவனை மறுக்க விடாத கூச்சத்தை உடைப்பதும் மிச்சம். ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு ஆளானோர் வகுப்பில்லாத மற்றக் குழுவில் 9.8 வீதம், வகுப்புக் குழுவில் 5.2 வீதம். கனடா மாணவியரின் கணக்கு நம் ஊருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ‘மாமா’ என்று கூப்பிட்டுப் பழகிய ஆளைப் பார்த்துச் சத்தம் போடுவது, முகம் தெரியாதவனைக் குத்துவதைவிடக் கடினம் என்பதற்குக் கனடாவரை போகத் தேவையில்லை.

இது பெண்கள் தலையிலேயே சுமையை ஏற்றுவதல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குற்றம் செய்தவனுடையதே; ஆண்பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் வேலையும் அப்படியே கிடக்கிறது. அது முடியும்வரை இந்தப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பலாமா? அடிக்காமல் கத்திக்கொண்டு ஓடச் சொல்லிக் கொடுப்பது வீரக்கலைக்கு இழுக்கு என்பது வேறு சிலரின் குறை. அவர்கள் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைப் புரட்டிப் பார்க்கட்டும். தற்காப்பு உரிமையைப் பயன்படுத்திச் செய்வது குற்றமாகாது என்கிறது 89ஆம் பிரிவு. 92ஆம் பிரிவு, காத்துக்கொள்ளத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக்கூடாது என்று அந்த உரிமைக்கு வரம்பு கட்டுகிறது. விழுந்தவனைத் திரும்பவும் அடிக்கப் பழக்கும் மாஸ்டர், மாணவரை நீதிமன்றத்துக்கும் சேர்த்தே பழக்குகிறார்.

கம்பு சுழற்றும் அதே முற்றத்தில் வாரம் அரை மணி நேரம் போதும். ஒருவர் பழகிய மாமாவாக நடித்துக் கையைப் பிடிக்கட்டும்; பிள்ளை கையை உதறி, அடிவயிற்றிலிருந்து கத்தி, வெளிச்சமுள்ள கடைவரை ஓடட்டும். முதல் கிழமை அக்கம்பக்கத்தார் பதறி ஓடிவருவார்கள். வரட்டும், அவர்களுக்கும் அது பயிற்சிதான்.