விடையளிப்போர் பெயரை எவ்வளவு மறைத்தல் தகும்?

வீடுதோறுஞ் சென்று ஊர்நிலையை வினவி எழுதுதல் நம் நாட்டு மாணவர்க்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைக் கொண்டு தொடங்கிய சிற்றூர் ஆராய்ச்சியில், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் இடம்பெற்றது. 1918-இல் வெளிவந்த அந்நூல் ஊர்ப்பெயர்களை வெளிப்படையாகக் கூறியமையாலன்றோ, பின்னர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் அவ்வூர்களையே மீண்டும் ஆராய்ந்து 1940-இல் நூலாக்க இயன்றது! ஆதலின் யாவற்றையும் மறைத்தல் ஆராய்ச்சிக்கு உதவாது. யாவற்றையும் வெளியிடுதலோ, விடையளித்தவர்க்கே தீங்காய் முடியக்கூடும்.

ஆலங்குளத்தைச் சூழ்ந்த ஊர்களில் பீடி சுற்றும் பெண்களிடம் நாம் கணக்கெடுக்கச் செல்வதாகக் கொள்வோம். கழிவு என்று சொல்லிக் கூலியிற் பிடித்தம் செய்வதுண்டா என வினவுகிறோம். உண்மை கூறினால் நாளை இலையும் தூளும் கிடையாமற் போகுமோ என்று ஒருத்தி அஞ்சுவாளாயின், அவ்வச்சம் நியாயமானதே.

இங்கே வழிகள் மூன்று. பெயரை எழுதிக்கொள்ளுதல் முதலாவது. உதவி பெற்றுத் தருவதே நோக்கமாயின் இது வேண்டும். பெயர்க்குப் பதிலாக எண்ணிட்டு, அவ்வெண்ணுக்குரிய பெயர்ப்பட்டியலை வேறிடத்திற் பூட்டிவைத்தல் இரண்டாவது. அடுத்த ஆண்டும் அவரையே காண்பதாயின் இது பொருந்தும். பெயரையே கேளாமை மூன்றாவது. ஊரின் பொதுநிலையை அறிய இதுவே போதும்.

ஆயினும் பெயரை நீக்கியதனால் ஆள் மறைந்துவிட்டதாக எண்ணலாகாது. தெரு, வயது, பிள்ளைகளின் தொகை, பீடிக்கடை ஆகிய நான்கும் தாளில் இருப்பின், அவ்வூரார் ஆளை எளிதில் அறிந்துகொள்வர். ஆகவே வயதை இருபது முதல் முப்பது வரை எனத் தொகுத்தெழுதுதலும், ஓரிருவரே உள்ள பிரிவைத் தனியே வெளியிடாமையும் இன்றியமையாதன.

1965-இல் வார்னர் என்னும் அறிஞர் வகுத்த முறையினின்று கிளைத்த வழியும் ஒன்றுண்டு. விடையளிப்பவர் பிறர் காணாமல் நாணயத்தைச் சுண்டுவார். தலை விழின் உண்மை கூறுவார். பூ விழின் எவ்வாறாயினும் 'ஆம்' என்பார். நூறு பேரில் எழுபதின்மர் 'ஆம்' என்றனர் என்க. அவருள் ஏறக்குறைய ஐம்பதின்மர் விடை நாணயத்தால் வந்தது. எஞ்சிய ஐம்பதின்மருள் இருபதின்மர் உண்மையாகவே 'ஆம்' என்றவர். அஃதாவது நூற்றுக்கு நாற்பது. ஊர்நிலை தோராயமாக விளங்கும். தனியொருவர் கூறிய 'ஆம்' எதன்பாற்பட்டதென வினவியவரும் அறியார். பலரிடம் கேட்டாலன்றி இம்முறை பயன்படாது.

1948-ஆம் ஆண்டு மக்கட்கணக்குச் சட்டம், கணக்கெடுப்போர் பதிவுகளைப் பிறர் பார்வையிட உரிமையில்லை என விதித்துள்ளது. மாணவர் கையிலுள்ள குறிப்பேட்டிற்கு அத்தகைய காவல் இல்லை. நமது வாக்கே அதற்குக் காவல். எனவே, எதை அறியப் புறப்பட்டோம் என்பதை முதலில் தெளிந்து, அதற்கு வேண்டாததைக் கேளாது விடுவோமாக. திண்ணையில் அமர்ந்து வாய்திறந்த ஏழைக்கு நம்மாற் காக்க இயலாத உறுதியை ஒருபோதும் அளியாதிருப்போமாக.