வழிப்படுத்தியைத் தொடக்குதற்கேற்ற சேமிப்பகம்

ஒரு வலையமைப்பினின்று மற்றொன்றிற்குச் செல்லும் தரவுப் பொதிகளை உரிய நெறியிற் செலுத்துங் கருவி வழிப்படுத்தியாகும்; றவுட்டர் எனவும் வழங்குவர். கடைகளிற் பெறப்படுஞ் சிறு வழிப்படுத்திகளில் நினைவகம் உள்ளேயே பதிக்கப்பட்டிருத்தலால் அங்கே தேர்வுக்கு இடமில்லை. பழைய கணினியொன்றை வழிப்படுத்தியாக்கப் புகுவார்க்கே எதனைக்கொண்டு அதனைத் தொடக்குவது என்னும் வினா எழும். அதனை ஈண்டு ஆராய்வாம்.

மின் பாய்ந்தவுடன் பணிசெயல் முறைமை சேமிப்பகத்தினின்று பிரதான நினைவகத்திற்கு ஏற்றப்படுகின்றது. அதன்பின் பொதிகளைச் செலுத்துந் தொழில் பிரதான நினைவகத்திலேயே நிகழும். ஆகவே, விரைவு மிக்க சேமிப்பகத்தால் தொடக்கம் சிறிது முந்துமேயன்றி வலையமைப்பு விரைவடையாது. இதனால் வேறொரு விளைவும் உண்டு. சேமிப்பகம் பழுதுற்ற பின்னரும் வழிப்படுத்தி பன்னாள் இயங்குதல் கூடும். மின் தடைப்பட்டு மீளும்பொழுதே, அது எழாமை கண்டு பழுதை அறிவோம். எனவே, விரைவினும் கொள்ளளவினும் உறுதியே முதற்கண் நோக்கற்பாலது.

அவ்வுறுதியைக் குலைப்பன இரண்டு: இடையறா எழுத்தும் எதிர்பாரா மின்தடையும். பளிச்சீட்டு நினைவகத்தில் ஒவ்வொரு முறை அழித்தெழுதும்பொழுதும் அதன் கலங்களிலுள்ள மெல்லிய காப்புப் படை சிறிது நலிகின்றது. கலமொன்றில் ஒரு பிற்று மட்டும் வைக்கும் வகை ஏறத்தாழ 1,00,000 தடவை தாங்கும். மூன்று பிற்றுக்கள் வைக்கும் மலிவான வகை சில ஆயிரந் தடவையே தாங்கும். எழுதுங்கால் மின் அறுமாயின், எழுதப்படாத பகுதிகளுங்கூடச் சிதைதல் உண்டு.

இனிச் சாதனங்களை ஒப்பிடுவாம். வன்தட்டு பேரளவு எழுத்தைத் தாங்கும். எனினும் சுழலும் உறுப்புடைமையால் வெப்பத்தாலும் அதிர்வாலும் நலியும். யூ.எஸ்.பி. குச்சியும் எஸ்.டி. அட்டையும் மலிவானவை, மாற்றுதற்கு எளியவை. ஆயின், தேய்வை எல்லாக் கலங்களுக்கும் பகிர்ந்தளிக்குந் திறன் அவற்றுட் பலவற்றிற் குறைவு. திண்மநிலைச் சேமிப்பகம் இத்திறனிற் சிறந்தது. மின் அறுங்கால் எழுத்தை முடித்துவைக்கும் மின்கொள்ளளவிகள் பொருந்திய வகையோ மேலுஞ் சிறந்தது.

சாதனத்தோடு மென்பொருளையும் இயைத்து நோக்கல் வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் முறைமை 16 மெகாபைற்று நினைவகத்திலும் அமையும். அது தன் மூலப் பகுதியை வாசிப்புக்கு மட்டுமெனச் சுருக்கி வைத்து, மாற்றங்களை வேறிடத்தெழுதி, நிகழ்ச்சிப் பதிவுகளைப் பிரதான நினைவகத்திலேயே கொள்ளும். அத்தகைய முறைமைக்கு எளிய குச்சியும் போதும். பிஎப்சென்ஸ் முறைமையும் முன்னர் நனோபிஎஸ்டி என்னும் அமைப்பால் அட்டைகளினின்று இயங்கியது. ஒரு பகுதி கெடின் மற்றதால் எழுமாறு அட்டையை இரண்டாகப் பகுத்திருந்தனர். 2017 இல் வெளிவந்த 2.4 ஆம் பதிப்பில் அவ்வமைப்பு நீக்கப்பட்டது. பதிவுகளை இடையறாது எழுதும் முறைமைக்குத் திண்மநிலைச் சேமிப்பகமே தக்கது.

எதனைத் தெரிந்தாலும், உள்ளமைவின் படியொன்றைப் பிறிதோரிடத்திற் பேணுதலும், அதே முறைமை பதித்த இரண்டாஞ் சாதனமொன்றை ஆயத்தமாக வைத்தலும் இன்றியமையாதன. அவ்விரண்டாவதைக் கொண்டு ஒருமுறையேனும் வழிப்படுத்தியைத் தொடக்கிப் பார்த்தல் வேண்டும். சோதித்தறியாத மாற்று, மாற்றில்லாமையோடொக்கும்.