கை நிறைய சீட்டு, பை நிறைய கடன்: போக்கரில் புதுசா உட்காருபவர்கள் செய்யும் 6 தவறுகள்

கடலூர்:
தோப்பிலும் ஆற்றங்கரையிலும் மூணு சீட்டு ஆடி போலீசில் சிக்குவது கடலூர், சிதம்பரம் பக்கம் பழைய கதை. செல்போன் வந்தபிறகு ரம்மியும் போக்கரும் பாக்கெட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. சம்பள நாளில் ஆரம்பித்து அடகுக்கடையில் போய் முடிகிற இந்த ஆட்டத்தில் புதுசா உட்காருபவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

போக்கர் என்பது மூணு சீட்டுக்கு அண்ணன் முறை. ஆளுக்கு 2 சீட்டு கையில். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5 சீட்டு. இந்த ஏழில் நல்ல ஐந்தை சேர்ப்பவருக்கு மொத்த பணம்.

1. எல்லா கையையும் ஆடுவது

புது ஆளுக்கு சீட்டை கீழே வைக்க மனசு வராது. கணக்கு என்ன சொல்கிறது? 52 சீட்டில் 3 சீட்டு 22,100 விதமாக வரலாம். அதில் 16,440 விதம் ஜோடிகூட இல்லாத வெத்து கை. அதாவது 4 ஆட்டத்தில் 3 ஆட்டம் ஒன்றும் இருக்காது. மூணும் ஒரே நம்பராக வருவது வெறும் 52 விதம், 425-க்கு ஒன்று.

போக்கரில் கைக்கு வரும் 2 சீட்டு ஜோடியாக அமைவது 17 தடவைக்கு ஒரு தடவைதான். பழகினவர் பெரும்பாலான கையை முதலிலேயே வைத்துவிடுவார். புதுசா வந்தவர் எல்லாத்துக்கும் காசு போடுவார்.

2. ஒரே சின்னத்தில் மயங்குவது

கையில் 2 இஸ்பேட் வந்தால் போதும், ஐந்தும் இஸ்பேட் ஆகிவிடும் என்று ஆசை வந்துவிடும். நடுவில் முதலில் திறக்கும் 3 சீட்டும் இஸ்பேடாகவே வருவது சுமார் 118 தடவைக்கு ஒன்றுதான்.

3. "இவ்வளவு போட்டாச்சே" என்று போடுவது

நடுவில் போட்ட பணம் உங்க பணம் இல்லை. அது போயாச்சு. இனி போடப்போவது தேறுமா என்பதைத்தான் பார்க்கணும்.

உதாரணம்: உங்களிடம் 4 இஸ்பேட் சேர்ந்திருக்கிறது. ஒரே ஒரு சீட்டு பாக்கி. நடுவில் 300 ரூபாய். தொடர நீங்க 100 போடணும். 4-ல் ஒரு தடவை ஜெயித்தால்தான் முதலுக்கு மோசம் இல்லை. ஆனால் கண்ணில் படாத 46 சீட்டில் இஸ்பேட் 9 தான். கிட்டத்தட்ட 5-ல் ஒன்று. போட்டால் நஷ்டம். பாதி பேர் இந்த கணக்கை போட்டே பார்ப்பதில்லை.

4. கண்டவரிடமும் பொய் மிரட்டல்

கையில் ஒன்றும் இல்லாமல் பெரிசா பணத்தை தூக்கிப் போட்டு எதிராளியை பயமுறுத்துவது போக்கரில் உண்டு. பயந்து சீட்டை வைப்பவரிடம்தான் அது பலிக்கும். "என்னதான் வச்சிருக்கே, பாத்துடுவோம்" என்று எல்லாத்துக்கும் காசு போடுபவரிடம் மிரட்டினால், சொந்த காசுதான் போகும்.

5. விட்டதை பிடிக்க நினைப்பது

குடும்பத்தை தெருவுக்கு கொண்டுவருவது இதுதான். நம்ம பக்கம் திரவுபதி அம்மன் கோயில் திருவிழாவில் 'சூது துகில்' கூத்து பார்க்காதவர் குறைவு. தர்மர் ஒரே ஆட்டத்தில் எல்லாத்தையும் இழக்கவில்லை. முதலில் செல்வம், பிறகு நாடு, பிறகு தம்பிகள், கடைசியில் தன்னையும் மனைவியையும். ஒவ்வொரு தடவையும் "அடுத்ததில் பிடிச்சிடலாம்" என்ற நினைப்புதான்.

10 ஆட்டம் தோற்றவருக்கு 11-வது ஆட்டம் ஜெயிக்கணும் என்று எந்த விதியும் இல்லை. போன ஆட்டம் சீட்டுக்கு ஞாபகம் இருக்காது.

6. கமிஷனை மறப்பது

4 பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் 4,000. ஒரு ஆட்டத்துக்கு நடுவில் 400 சேருகிறது, அதில் 5 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கு 20 ரூபாய். 100 ஆட்டத்தில் 2,000 ரூபாய் கடைக்காரர் கைக்கு போயாச்சு. நாலு பேரும் சமமா ஆடினாலும் பாதி பணம் காலி. ஆன்லைனில் போதாக்குறைக்கு 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணத்துக்கு 28 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் விழுந்தது.

சட்டம் என்ன சொல்லுது?

ரம்மியில் திறமைக்கே அதிக பங்கு, மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம் என்று சுப்ரீம் கோர்ட்டு 1967-லேயே பிரித்து சொன்னது. தமிழக அரசு 2020 நவம்பரில் ஆன்லைன் ரம்மி, போக்கருக்கு அவசர சட்டம் மூலம் தடை போட்டது. பிறகு வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்குப் பிறகு வந்த புது சட்டம் 2023 ஏப்ரலில் அமலானது. அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டாக சேர்த்தது செல்லாது என்றது.

அப்புறம் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்துக்கு 2025 ஆகஸ்டு 22-ல் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் நடத்தக்கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை ஜெயில், ரூ.50 லட்சம் வரை அபராதம். இதையடுத்து பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தின.

அதனால் இப்போது "போக்கர் ஆடலாம், போனஸ் தர்றோம்" என்று மெசேஜ் வந்தால் ஒன்றுக்கு ரெண்டு தடவை யோசியுங்க. பணத்தை கட்டிவிட்டால் திரும்ப கேட்க ஒரு ஆபீஸ்கூட கிடைக்காது. ஏமாந்தால் உடனே 1930 சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யணும். தாமதம் ஆக ஆக பணம் கைமாறிக்கொண்டே போகும். ஆட்டத்தை விட முடியாமல் தவித்தாலோ, கடனால் மனசு உடைந்திருந்தாலோ 104 அல்லது 14416-க்கு பேசலாம். காசு வாங்கமாட்டார்கள்.

திருக்குறளில் சூது 94-வது அதிகாரம். அதில் முதல் குறளிலேயே, சூதில் வரும் வெற்றி தூண்டில் இரும்பை இரை என்று மீன் விழுங்கியது மாதிரி என்கிறார் வள்ளுவர். கடலூர் துறைமுகத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். புதுசா ஆடுபவர் செய்யும் ஆறு தவறிலும் தப்பிக்க ஒரே வழி, பணம் வைத்து ஆட உட்காராமல் இருப்பதுதான். சீட்டு ஆசை இருந்தால் வீட்டில் புளியங்கொட்டை வைத்து ஆடலாம். தோற்றாலும் மறுநாள் அடுப்பு எரியும்.