குழாய்க்கு ஏன் வயிறு?

ராஜபாளையத்திலிருந்து அய்யனார் கோவில் போகும் வழியில் பழைய ஆர்.எக்ஸ்.100 வந்தால் திரும்பிப் பார்க்க வேண்டாம், காதே சொல்லிவிடும். 98 சிசி வண்டி. 1985-ல் இந்தியாவில் வந்தது. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது.

அதிலுள்ளது போன்ற டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகும் துளைக்கு வால்வு கிடையாது. புகை வெளியேறும்போதே புதுக் கலவையும் நுழைகிறது. கொஞ்சம் நழுவிப் புகைக்குழாய்க்குள்ளும் போய்விடுகிறது. அதை மீட்பது குழாயின் வயிறு போன்ற வடிவம். எஞ்சினிலிருந்து பாயும் அழுத்த அலை, குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி மிச்சப் புகையை இழுக்கும். குறுகும் கூம்பில் மோதியதும் தள்ளும் அலையாக வந்து, துளை மூடுவதற்குள் நழுவிய கலவையை உள்ளே திணிக்கும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் இதைத் தேர்ந்த கலையாக்கினார்.

எல்லாம் நேரக்கணக்குதான். 7,500-ல் ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெகண்ட், 3,000-ல் 20. குட்டைக் குழாயில் அலை சீக்கிரம் திரும்பிவிடும், மேல்வேகத்துக்கே உதவும். கல்லும் மணலுமான ஏற்றத்தில் முதல் கியரில் திணறும் வண்டிக்கு, கூம்புகள் மெல்லச் சரியும் நீளக் குழாயே சரி. கல்லில் இடிக்காத உயரத்தில் அது அமையட்டும்.

சத்தத்துக்காக, அதை அடக்கும் உள்குழலைக் கழற்றுபவர்களைக் கண்டால் மனசு பதறுகிறது. அய்யனார் கோவில் வழிக்குப் பக்கத்திலேயே சாம்பல் அணில்கள் வாழும் காடு; 2021 முதல் புலிகள் காப்பகமும்கூட.