பகை நாட்டுப் பிள்ளைகள் பேசிக்கொண்டபோது

பகைத்த நாடுகளின் பிள்ளைகளைப் பேசவைக்க முடியுமா என நாம் கேட்பதுண்டு. 1870 முதல் 1945 வரை பிரான்சும் ஜேர்மனியும் மூன்று முறை போரிட்டன. பிரான்சின் மொன்பெலியார் நகர முதல்வர், ஜேர்மனியின் புகன்வால்ட் வதைமுகாமில் கிடந்து மீண்டவர். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகளில், 1950இல், அவரது நகரமே முதலாவதாக லுட்விக்ஸ்பேர்க் என்ற ஜேர்மன் நகருடன் உறவு பூண்டது. அரசுகள் பின்னர்தான் வந்தன. 1963இல் இரு நாட்டு இளைஞர்களுக்கும் பொதுவான அலுவலகம் ஒன்றை நிறுவின. செலவு சரிபாதி, கொடுப்பவர், வாங்குபவர் என்ற பேதமில்லை. நிவாரண வரிசையில் நின்றறிந்த நமக்கு இதன் அருமை தெரியும். இதுவரை 90 இலட்சத்துக்கும் அதிகமான இளையோர் சென்று, தங்கி, பேசி வந்துள்ளனர். 2003இல் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளைஞர் பாராளுமன்றம், இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் கேட்டது. 2006இல் அதன் முதற்பாகம் இரு மொழிகளிலும் வெளிவந்தது.